சந்தை வெளியில் நிற்பவர்கள்

(வானொலி மறையுரை. பொதுக்காலம் 25ஆம் ஞாயிறு. நற்செய்தி: மத்தேயு 20:1-16)



திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமை நம் எல்லாருக்கும் பழக்கமானது. விடியற்காலையிலிருந்து வெயிலில் வெந்தவருக்கும் ஒரு தெனாரியம். மாலை ஐந்து மணிக்கு வந்து ஒரு மணி நேரம் உழைத்தவருக்கும் ஒரு தெனாரியம். இது என்ன நியாயம் என்று முதலில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். கோவிலில் உட்கார்ந்து கேட்கும் நாமும் உள்ளுக்குள் அவர்களோடு சேர்ந்து முணுமுணுத்திருக்கிறோம். அதனால்தானோ என்னவோ, இந்த உவமையை விளக்குகிறவர்கள் எல்லாரும் கூலி கொடுக்கும் கடைசிக் காட்சிக்கே ஓடிவிடுகிறார்கள். நாமும் இதுவரை அப்படித்தான் செய்துவந்திருக்கிறோம்.

இன்று அந்தக் காட்சிக்குச் சற்று முன்னாலேயே நின்றுகொள்வோம். மாலை ஐந்து மணி. நிலக்கிழார் அன்று ஐந்தாவது முறையாகச் சந்தை வெளிக்கு வருகிறார். இன்னும் சிலர் அங்கே நிற்கிறார்கள். நாளெல்லாம் ஏன் இப்படிச் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். தங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். உவமை முழுவதிலும் அவர்கள் பேசுவது அந்த ஒரே வாக்கியம்தான்.

அவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிட வேண்டாம். சோம்பேறியாக இருந்தால் வெயில் ஏறுவதற்கு முன்பே வீட்டுக்குப் போயிருப்பான். மாலை ஐந்து மணிவரை சந்தையில் நிற்பதற்கு நம்பிக்கை வேண்டும். அல்லது, வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வெட்கம் வேண்டும்.

நம் ஊர்களிலும் காலை ஆறரை மணிக்கு நாற்சந்தியில் தூக்குச்சட்டியும் மண்வெட்டியுமாக நிற்பவர்களைப் பார்க்கிறோம். மேஸ்திரியின் வண்டி வந்து நின்றால் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொள்கிறார்கள். பத்து மணிக்கு மேல் வண்டி வராது. நாற்சந்தி வெறிச்சோடிவிடும். சரி, அந்த நாற்சந்தியே வளர்ந்து வளர்ந்து ஒரு மாநகரமாகிவிட்டால் எப்படி இருக்கும்? கூப்பிட ஆளில்லாமல் நிற்பவர்கள் பத்துப் பேராக இல்லாமல் பல இலட்சம் பேராக இருந்தால்? இது கற்பனை அல்ல. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இன்று பல நகரங்கள் அப்படித்தான் வளர்கின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் இன்று பார்ப்போம். அது கென்யாவின் தலைநகரான நைரோபி. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் தேதி அந்நகரின் கங்கேமி என்னும் குடிசைப் பகுதிக்குச் சென்று, இயேசு சபையினர் பொறுப்பிலுள்ள தொழிலாளரான புனித யோசேப்பு பங்கில் மக்களைச் சந்தித்தார். அவர் அங்கே சொன்னதைப் பிறகு பார்ப்போம்.

நைரோபி பழைய நகரம் அல்ல. 1899இல் மொம்பாசா துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குப் போடப்பட்ட இரயில் பாதை அந்தச் சதுப்பு நிலத்தை எட்டியபோது, தளவாடங்கள் வைக்க ஒரு முகாமாகத் தொடங்கியது. அந்தப் பாதையைப் போட இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, 30,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். நைரோபி என்ற பெயரே மாசாய் மக்களின் மொழியில் குளிர்ந்த நீர் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. அந்தத் தண்ணீரின் இன்றைய நிலையையும் பிறகு பார்ப்போம். 1969ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய 5 இலட்சம் பேர். 2019 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 44 இலட்சம் பேர். ஐம்பது ஆண்டுகளில் ஒன்பது மடங்குக்குச் சற்றுக் குறைவு.

ஆலைகளும் ஒன்பது மடங்கு பெருகியிருந்தால் இது வேறு கதையாக இருந்திருக்கும். அப்படி நடக்கவில்லை. கென்யாவின் மொத்த உற்பத்தியில் ஆலைத் தொழிலின் பங்கு பல ஆண்டுகளாகப் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருந்து, இப்போது அதற்கும் கீழே இறங்கிவிட்டது. மக்கள் வந்தார்கள், வேலை வரவில்லை.

இந்த இடத்தில் நம் திருஅவையின் வரலாற்றையும் நினைத்துக்கொள்வது நல்லது. 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலை குறித்துத் தம் புகழ்பெற்ற சுற்றுமடலை எழுதியபோது, ஐரோப்பிய நகரங்களில் ஆலைச் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. ஆலைகள் மக்களைக் கிராமத்திலிருந்து இழுத்தன; இழுத்துவந்து கசக்கிப் பிழிந்தன. ஆகவே அவர் நியாயமான கூலி பற்றியும், ஓய்வு பற்றியும், தொழிலாளர்கள் சங்கமாகச் சேரும் உரிமை பற்றியும் பேசினார். இன்றைய திருத்தந்தை பதினான்காம் லியோ அவருடைய பெயரை ஏற்றுக்கொண்டதற்கு அந்தச் சுற்றுமடலையும் ஒரு காரணமாகச் சொன்னார். ஆனால் ஆலையே இல்லாத நகரத்தில் நியாயமான கூலியை யாரிடம் போய்க் கேட்பது? யாருக்கு எதிராகச் சங்கம் அமைப்பது? முதலாளி கொடியவன் என்றாவது சொல்ல ஒரு முதலாளி வேண்டுமே.

ஏன் இப்படி ஆயிற்று? தந்தை உழுத நிலத்தை நான்கு மகன்கள் பிரித்துக்கொண்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கொடுக்கத் துண்டுகூட மிஞ்சவில்லை. 1989இல் பன்னாட்டுக் காப்பி ஒப்பந்தம் முறிந்து, காப்பி விலை சரிந்தது. மலைச்சரிவில் காப்பி வைத்திருந்த சிறு விவசாயியின் கையில் காசு இல்லை. வடக்கே மழை பொய்த்து ஆடுமாடுகள் மடிந்தன. நகரம் கூப்பிட்டதால் வந்தவர்களைவிட, ஊரில் இருக்க முடியாமல் வந்தவர்களே அதிகம். வந்து பார்த்தால், இருந்த ஆலைகளும் மூடிக்கொண்டிருந்தன. 1990களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டபோது, மேலைநாட்டார் உடுத்திக் கழித்த துணிகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. மூட்டை என்று பொருள்படும் சுவாகிலிச் சொல்லால் அவற்றை 'மிடும்பா' என்கிறார்கள். கிசுமு, எல்டோரெட் போன்ற ஊர்களில் இயங்கிய துணி ஆலைகள் கதவடைத்தன. இதில் நம் நாட்டுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. அந்தப் பழந்துணிகளில் ஒரு பகுதி முதலில் குஜராத்திலுள்ள கண்ட்லாவுக்கு வருகிறது. அங்கே கூலிப் பெண்கள் அதைத் தரம் பிரிக்கிறார்கள். மறுபடியும் மூட்டை கட்டி ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். மிடும்பாவை முற்றிலும் பழிக்கவும் முடியாது. கிகொம்பா சந்தையில் அதை விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாய்மார்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். புதுச் சட்டை வாங்க முடியாதவருக்கு அதுதான் சட்டை. வாழ்க்கை எப்போதும் இப்படிச் சிக்கலாகத்தான் இருக்கிறது.

ஆலையில் இடமில்லாதவர்கள் தங்கள் பிழைப்பைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். அவர்களை 'ஜுவா காலி' என்பார்கள். சுடும் வெயில் என்று பொருள். கூரையில்லாத இடத்தில், வெயிலில் உட்கார்ந்து, எண்ணெய்ப் பீப்பாயை வெட்டிப் பெட்டியும் அடுப்பும் செய்கிறவர், தகர டப்பாவில் விளக்குச் செய்கிறவர், செருப்புத் தைக்கிறவர் எல்லாரும் ஜுவா காலிதான். இன்று கென்யாவில் விவசாயத்துக்கு வெளியே வேலை செய்பவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் இப்படிப்பட்டவர்கள். 'முறைசாராத் துறை' என்று இன்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தச் சொல் உலகெங்கும் பரவியதற்கு, உலகத் தொழிலாளர் அமைப்பு 1972இல் இதே கென்யாவைப் பற்றி வெளியிட்ட அறிக்கைதான் பெருங்காரணம். அவர்களுடைய கைத்திறனைப் பார்த்து வியக்காமல் இருக்க முடியாது. ஆனால் வியந்து பாராட்டிவிட்டு நடையைக் கட்டுவது நமக்கு மிக எளிது. ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் அன்றைய கூலி இல்லை. சம்பளத்தோடு விடுமுறை என்ற பேச்சே கிடையாது. முதுமைக்கு ஓய்வூதியம் இல்லை. திறமை இருக்கிறது என்பதால் இவையெல்லாம் நியாயமாகிவிடுமா?

நற்செய்தியின் சந்தை வெளியை அப்படியே பார்க்க வேண்டுமானால், நைரோபியின் தொழிற்பேட்டைக்குப் போகவேண்டும். அதை ஒட்டி முகுரு என்ற பெரிய குடிசைப் பகுதி இருக்கிறது. விடியும் முன்னே அங்கிருந்து ஆண்களும் பெண்களும் நடந்து வருகிறார்கள். பேருந்துக்குக் கொடுக்கும் காசு அன்றைய சாப்பாட்டுக் காசு, ஆகவே நடைதான். ஆலை வாசலில் கூட்டமாக நிற்கிறார்கள். கதவு திறக்கிறது. மேற்பார்வையாளர் தேவைப்பட்ட ஆட்களை மட்டும் கைகாட்டி உள்ளே விடுகிறார். கதவு மூடுகிறது. மற்றவர்கள் அடுத்த வாசலுக்கு, அதற்கடுத்த வாசலுக்கு என்று நடக்கிறார்கள். முற்பகலில் பலர் வந்த வழியே திரும்புகிறார்கள். இது தினமும் நடப்பது.

அவர்கள் திரும்பிப்போவது எந்த வீட்டுக்கு? பத்தடிக்குப் பத்தடி தகர அறை. அதுவும் சொந்தமல்ல, வாடகை. வாடகை வாங்குபவர் பெரும்பாலும் வேறு இடத்தில் வசதியாக இருப்பவர். நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நகர நிலத்தின் மிகச் சிறு பகுதியில் இப்படி நெருக்கியடித்து வாழ்கிறார்கள். கிபேராவில் பத்து இலட்சம் பேர் வாழ்கிறார்கள் என்று ஒருகாலத்தில் உலகமெல்லாம் எழுதினார்கள். 2009 கணக்கெடுப்பு ஏறக்குறைய 1,70,000 என்றது. எண்ணிக்கை எதுவானாலும் தண்ணீர்ப் பிரச்சினை மாறவில்லை. இருபது லிட்டர் பிளாஸ்டிக் கேனில் தண்ணீரை விலைக்கு வாங்குகிறார்கள். கணக்குப் போட்டால், குழாய் வசதியுள்ள பணக்கார வீட்டார் கட்டுவதைவிடப் பல மடங்கு ஏழை கட்டுகிறார். இரவில் கழிப்பறைக்குப் போகப் பெண்களுக்குப் பயம். ஆகவே பையில் கழித்து, கட்டி, இருட்டில் எறிகிறார்கள். இதற்குப் 'பறக்கும் கழிப்பறை' என்று உலகம் கேலியாகப் பெயர் வைத்தது. எறிந்த பெண்ணுக்கு அதில் கேலி எதுவும் இல்லை.

கணவன் நகரத்தில், மனைவியும் பிள்ளைகளும் ஊரில் என்று பிரிந்துகிடக்கும் குடும்பங்களைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய நம் குடும்பங்களுக்கு அந்த வேதனை தெரியும்.

இனி அந்தக் குளிர்ந்த நீருக்கு வருவோம். நைரோபி ஆறு நகரத்துக்குள் நுழையும்வரை ஆறாக இருக்கிறது. நகரத்துக்குள் அது சாக்கடையாகவும் குப்பைத் தொட்டியாகவும் மாறுகிறது. நகரத்தைத் தாண்டி அத்தி ஆற்றில் கலந்து, நெடுந்தூரம் ஓடி, மாலிந்திக்கு அருகே நம் இந்தியப் பெருங்கடலில் சேர்கிறது. வழியெல்லாம் மக்களும் மாடுகளும் அதைத்தான் குடிக்கிறார்கள்.

ஆற்றின் வளைவில் டண்டோரா இருக்கிறது. முன்பு கல்குவாரியாக இருந்த பள்ளம், 1970களின் நடுவில் நகரத்தின் குப்பைக் கிடங்காயிற்று. 2001லேயே நிரம்பிவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் கொட்டுவது நிற்கவில்லை. இன்று அது பள்ளமல்ல, மலை. எப்போதும் எங்காவது ஒரு மூலையில் புகைந்துகொண்டே இருக்கும். அந்தப் புகைக்குள் ஆளுயரப் பெருநாரைகளோடு போட்டிபோட்டு, பன்றிகளுக்கு நடுவே, ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் கம்பியும் பிளாஸ்டிக்கும் பொறுக்குகிறார்கள். தோட்டம் இல்லாத நகரத்தில், கூப்பிட ஆளில்லாதவர்களுக்கு இந்தக் குப்பைமலைதான் திராட்சைத் தோட்டம்.  எந்த மணிக்கு வந்தாலும் வேலை உண்டு. இப்படிச் சொல்வதற்கே நமக்குக் கூசுகிறது.

மலையை ஒட்டியுள்ள கொரொகோச்சோ பகுதியில் புனித யோவான் ஆலயமும் ஒரு கத்தோலிக்கப் பள்ளியும் உள்ளன. கொம்போனி சபை மறைப்பணியாளர்கள் அந்த மக்களோடேயே தங்கிப் பணியாற்றி வந்திருக்கிறார்கள். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்புக்குத் தலைமையகம் இதே நைரோபியில்தான் இருக்கிறது. அந்த அமைப்பு 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. குப்பைமலைக்கு அருகே வாழும் 328 பிள்ளைகளைச் சோதித்தார்கள். அவர்களில் பாதிப் பேரின் இரத்தத்தில், அன்று ஆபத்தின் எல்லை என்று கருதப்பட்ட அளவை எட்டியோ தாண்டியோ ஈயம் இருந்தது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். படிப்பு ஏறாது, கவனம் நிற்காது. பிள்ளை படித்து முன்னேறிவிடுவான் என்று நம்பித்தானே அந்தத் தாய் ஊரைவிட்டு வந்தாள்?

கென்ய வீடுகளில் அன்றாடம் சமைக்கும் கீரைக்கு 'சுகுமா விகி' என்று பெயர். வாரத்தைத் தள்ளுவது என்று பொருள். கையில் காசு இல்லாத நாள்களைத் தள்ளிக்கொண்டுபோக உதவும் கீரை. நிலமில்லாதவர்கள் ஆற்றோரத்தில் அந்தக் கீரையைப் பயிரிடுகிறார்கள். சாக்கடை நீரையே திருப்பிப் பாய்ச்சுகிறார்கள். அடுப்புக்குக் கரி வேண்டும். கரிக்குத் தொலைதூரக் காட்டு மரங்கள் வெட்டப்படுகின்றன. காடு அழிவதைக் கண்டு 2018இல் அரசு பொதுக் காடுகளில் மரம் வெட்டத் தடை விதித்தது. ஆனால் கரியைவிட்டால் வேறு எரிபொருள் வாங்க முடியாதவர் என்ன செய்வார் என்ற கேள்வி அப்படியே நின்றது. 2024 மார்ச் முதல் மே வரை பெய்த பெருமழையில் நாடெங்கும் ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். நைரோபியில் மதாரே ஆற்றோரக் குடிசைகள் அடித்துச் செல்லப்பட்டன. வெள்ளம் விட்டுவைத்த வீடுகளை, ஆற்றங்கரையிலிருந்து 30 மீட்டருக்குள் யாரும் இருக்கக் கூடாது என்று புல்டோசர் வந்து இடித்தது. ஆற்றின் கரையை ஆற்றுக்கே விடவேண்டும் என்பது சரிதான். ஆனால் அந்தக் கரையில் ஆசைப்பட்டா குடியேறினார்கள்?

ஏழைகளால்தான் நகரம் நாறுகிறது என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். நாமும் சொல்லியிருப்போம். டண்டோராவில் மலையாகக் குவிந்திருப்பது குடிசையில் மிஞ்சிய உணவு அல்ல. மிஞ்சும் அளவுக்கு அங்கே உணவு ஏது? அது மாளிகைகளும் விடுதிகளும் அங்காடிகளும் கழித்த குப்பை. அதைக் கையால் தரம் பிரித்து, மறுபடியும் பயன்படச் செய்து, நகரத்தை ஓரளவு சுத்தமாக வைத்திருப்பவர்கள் அந்த ஏழைகள். ஆற்றில் மலம் கலக்கிறது என்றால், அந்தப் பகுதிக்குப் பாதாளச் சாக்கடையைக் கொண்டுபோகாதவர்கள் யார் என்று கேட்கவேண்டும். கங்கேமியில் திருத்தந்தை பிரான்சிஸ் இதைத்தான் கேட்டார். இந்தக் காயங்கள் அதிகாரத்தையும் செல்வத்தையும் இறுகப் பற்றிக்கொண்டிருக்கும் சிலரால் உண்டானவை என்றார். பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டுத் திடலைக்கூட அபகரிக்க நினைப்பவர்களைக் கண்டித்தார். நிலம், உறைவிடம், உழைப்பு இம்மூன்றும் ஏழைகளின் புனித உரிமைகள் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். அண்டைவீட்டாரின் துன்பத்தில் பங்கெடுப்பது, இருப்பதைப் பகிர்வது போன்ற நற்பண்புகளை இந்தக் குடிசைப் பகுதிகளிடமிருந்து பணக்கார உலகம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

அப்படியானால் இவர்கள் ஊருக்குத் திரும்பிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். காற்றும் கிணறும் உள்ள கிராமத்தை விட்டுவந்து ஏன் புகையில் சாகவேண்டும்? நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் திரும்பிப்போக நிலம் இல்லை என்பதை முன்பே பார்த்தோம். மேலும், நகரத்தில் பள்ளி இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது. கணவனை இழந்த பெண்ணுக்கு, உறவினர் கண்ணெதிரில் இல்லாமல் தன் காலில் நிற்க ஒரு சிறு இடமும் இருக்கிறது. வந்தது தவறு என்று அவர்களைப் பார்த்துச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இயேசுவின் காலத்துக் கலிலேயாவிலும் கடனாலும் வரியாலும் நிலத்தை இழந்த சிறு விவசாயிகள்தான் அன்றாடக் கூலிகளாகச் சந்தை வெளிக்கு வந்து நின்றார்கள் என்று விவிலிய அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். ஆகவே உவமையைக் கேட்ட மக்களுக்கு அந்த ஐந்து மணி மனிதர்கள் யார் என்று நன்றாகத் தெரிந்திருக்கும். அவர்களுள் சிலர் தாங்களே அப்படி நின்றவர்கள்.

இப்போது நிலக்கிழாரைப் பார்ப்போம். அவரிடம் மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கிறார். கூலி கொடுக்கும்போது அவர் வருகிறார். ஆனால் சந்தைக்கு மேற்பார்வையாளரை அனுப்பவில்லை. ஐந்து முறையும் தாமே போகிறார். கடைசியாகப் போகும்போது, சும்மா ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டாலும், அவர்கள் சொன்ன பதிலை ஏற்றுக்கொள்கிறார். பொய் சொல்கிறாய் என்று சொல்லவில்லை. உனக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்கவில்லை. இன்னொன்றும் கவனிக்கவேண்டும். பொழுது சாய ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. அந்த ஒரு மணி நேர வேலையால் அவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. இரக்கம்தான் நோக்கம் என்றால், ஆளுக்கு ஒரு தெனாரியத்தைக் கையில் கொடுத்து அங்கேயே அனுப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. நீங்களும் தோட்டத்துக்குப் போங்கள் என்கிறார். முதலில் வேலை, அதன்பின் கூலி. அந்தக் கூலியும் ஒரு குடும்பம் ஒரு நாள் சாப்பிடத் தேவையான முழுக் கூலி.

'இறைவா, உமக்கே புகழ்' திருமடலின் 128ஆம் பத்தியில் திருத்தந்தை பிரான்சிஸ் சொல்வதும் இதை ஒட்டியதே. ஏழைகளுக்குப் பண உதவி செய்வது அவசர நேரத்துக்கு உரியது. உழைப்பின் வழியாக அவர்கள் மாண்போடு வாழச் செய்வதே எப்போதும் இலக்காக இருக்கவேண்டும் என்கிறார். நாம் தவக்காலத்தில் உண்டியலில் போடுவது தவறென்று இதற்குப் பொருளில்லை. ஆனால் உண்டியலில் போட்டுவிட்டு, அதே வாரம், நம் தெருமுனையில் நிற்கும் ஒரு வாலிபனைப் பார்த்து 'வேலைவெட்டி இல்லாமல் நிற்கிறான் பார்' என்று சொல்லியிருக்கிறோமா என்று நம்மை நாமே கேட்டுப் பார்க்கலாம். நிலக்கிழார் கேட்ட அதே கேள்வி. ஆனால் நாம் பதிலுக்காக நின்றதில்லை.

நாளைக் காலையும் முகுருவிலிருந்து அவர்கள் நடந்து வருவார்கள். ஆலைக் கதவு சற்று நேரம் திறந்து மூடும். உள்ளே போனவர்களுக்காகவும், வெளியே நின்றவர்களுக்காகவும், டண்டோராவில் புகைக்குள் குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காகவும் இப்போது சிறிது நேரம் அமைதியாக மன்றாடுவோம்.